கோவிந்தன் சொன்ன சொல்

மாசி மாதத்து மிருகசீரிஷம் நெருங்கும்போது எங்கள் பூந்தமல்லிக்குத் தனிக் களை வந்துவிடும். திருக்கச்சி நம்பிகள் திருவவதாரம் செய்த திருநட்சத்திரம் அது. பேருந்துகளும் கன்டெய்னர் லாரிகளும் இரவு பகலாக இரைந்துகொண்டிருக்கும் ஊர் இது. ஆனாலும் வரதராஜப் பெருமாள் சந்நிதிக்குள் கால் வைத்துவிட்டால் அந்த இரைச்சல் எங்கே போயிற்று என்று தோன்றும். பூவிருந்தவல்லி என்ற பழைய பெயரைச் சொல்லிப் பழகிய பெரியவர்கள் இன்னும் சிலர் இங்கே இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன்.

நம்பிகள் காஞ்சி வரதனுக்குத் திருவாலவட்டம் வீசும் கைங்கரியம் செய்தவர். வீசும்போது பெருமாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசுவார் என்பது குருபரம்பரை சொல்லும் செய்தி. ராமானுஜர் தம் மனத்தில் இருந்த ஐயங்களை நம்பிகள் வழியாகவே பெருமாளிடம் விண்ணப்பித்து, ஆறு வார்த்தைகளாக விடை பெற்றார். அப்படிப்பட்ட நம்பிகள் வைசிய குலத்தில் பிறந்தவர். அவர் அமுது செய்த சேஷத்தைத் தாம் உண்ண வேண்டும் என்று விரும்பி, ராமானுஜர் அவரைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். ராமானுஜர் வெளியே சென்றிருந்த நேரத்தில் நம்பிகள் வந்தார். கைங்கரியத்துக்கு நேரமாகிறது என்று உடனே அமுது செய்து புறப்பட்டார். தஞ்சமாம்பாள் அவர் உண்ட இலையை ஒரு கோலால் தள்ளி எறிந்துவிட்டு, இடத்தைச் சாணமிட்டு மெழுகி, தலை முழுகி, புதிதாகத் தளிகை செய்தாள். திரும்பி வந்த ராமானுஜர் ஈரத் தரையைக் கண்டார். என்ன நடந்தது என்று கேட்டார்.

இந்த வரலாற்றை உபந்நியாசங்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கேட்கும்போதெல்லாம் ராமானுஜரின் மன வேதனையைத்தான் உபந்நியாசகர்கள் விரித்துச் சொல்வார்கள். என் மனம் நிற்பது வேறோர் இடத்தில். அவமதிப்புக்கு ஆளானவர் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக வரலாறு இல்லை. அவர் பாட்டுக்கு ஆலவட்டத்தை எடுத்துக்கொண்டு சந்நிதிக்குப் போய்விட்டார். ஈரத் தரையைக் கண்டு, சும்மா இராமல், ‘ஏன்?’ என்று கேட்க இன்னொருவர் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் இப்போது நினைத்துப் பார்க்க வைத்தவன் என் பேரன். ஏழாம் வகுப்பு படிக்கிறான். நான்கு வயது முதலே அவனுக்குப் பேச்சில் திக்கல் உண்டு. ‘ப’வும் ‘க’வும் அவன் உதட்டிலும் தொண்டையிலும் சிக்கிக்கொண்டு வெளியே வர மறுக்கும். பேச்சுப் பயிற்சி அளிப்பவரிடம் அழைத்துப் போகிறோம். அவன் பேசும்போது ‘நிதானமாகச் சொல்’ என்று குறுக்கிடக் கூடாது, வார்த்தையை நாமே எடுத்துக் கொடுத்து முடித்து வைக்கவும் கூடாது, முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்று அவர் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அதைப் பழகிக்கொண்டோம். இதில் ஓர் அதிசயம் உண்டு. திக்கிப் பேசும் பிள்ளைகள் பலர் பாடும்போது திக்குவதில்லை. என் பேரனும் அப்படியே. மாலையில் விளக்கேற்றியவுடன் என்னோடு உட்கார்ந்து திருப்பாவையை ராகத்தோடு சொல்லுவான். முப்பது பாசுரமும் தடையில்லாமல் ஓடும்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அது நின்றது. முதலில் ‘வீட்டுப்பாடம் இருக்கிறது’ என்றான். பிறகு ‘தொண்டை வலி’ என்றான். வேனில் போகமாட்டேன், ஸ்கூட்டரில் கொண்டு விடுங்கள் தாத்தா என்றான். சாப்பாட்டு டப்பா தினமும் காலியாக வந்தது, ஆனால் பையன் வந்ததும் வராததுமாகப் பசி பசி என்று பறந்தான். எதிர்பாராத வேளையில் அழைப்பு மணி அடித்தால் திடுக்கிட்டான். இவற்றைத் தனித்தனியே பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்துப் பார்க்கப் பகலெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் நேரம் உண்டு. இந்த வயதில் நமக்கு வாய்த்திருக்கும் பெரிய செல்வம் அந்த நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் அவனைக் கேள்வி மேல் கேள்வி கேட்கவில்லை. மறுநாள் சனிக்கிழமை. கோயிலுக்கு அழைத்துப் போய், சேவித்துவிட்டுப் பிரகாரத்தில் உட்கார்ந்தோம். ‘வேனில் யார் யார் வருகிறார்கள்?’ என்று மட்டும் கேட்டேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. பிறகு மெல்ல மெல்ல வந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர். தினமும் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, அவன் பெயரைச் சொல்ல வைத்து, அவன் திக்குவதைப் போலவே திக்கிக் காட்டிச் சிரிக்கிறார்கள். சரியாகச் சொன்னால் டப்பா, இல்லாவிட்டால் டப்பா அவர்களுக்கு. வேனில் இருந்த மற்றப் பிள்ளைகள் பதினைந்து பேரும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவு வீட்டில் பஞ்சாயத்து. ‘நாளைக்கே திருப்பி ஒன்று கொடுத்துவிட்டு வா, பிறகு எவனும் கிட்டே வரமாட்டான்’ என்றான் என் மகன். ‘வேண்டாம் மாமா, நாம் ஒதுங்கிப் போய்விடலாம், வேறு வேன் பார்க்கலாம்’ என்றாள் மருமகள். இரண்டும் தலைமுறை தலைமுறையாக நம் வீடுகளில் சொல்லப்படும் அறிவுரைகள். எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை. தன்னைவிட இரு மடங்கு உருவமுள்ள இருவரை ஒரு பிள்ளை அடித்து வெல்வது கதையில் நடக்கும். ஒதுங்கிப் போனால் இவன் தப்புவான், அந்த இருக்கையில் நாளை வேறொருவன் உட்காருவான்.

நம் வழக்கப்படி பிரகலாதனை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அவனும் பள்ளிப் பிள்ளைதானே! சண்டாமர்க்கர்கள் நடத்திய பாடசாலையில், ஆசிரியர்கள் இல்லாத வேளையில் உடன் படித்த அசுரப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நாராயண நாமத்தைச் சொல்லிக் கொடுத்தவன். ஆனால் அவனுக்கு எதிராகத் தந்தை, குருமார், அரசாங்கம் எல்லாம் ஒன்றாக நின்றபோது தூணைப் பிளந்துகொண்டு பெருமாளே வரவேண்டியிருந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் ‘நீ பிரகலாதனைப் போல் இரு’ என்று சொல்லிவிட்டு நாம் நாற்காலியில் சாய்ந்துகொள்வது எனக்கு அவ்வளவு நியாயமாகப் படவில்லை. நான் அவனுக்குச் சொன்னது கோவிந்தன் கதையை.

பூந்தமல்லியிலிருந்து அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் முதலில் ஸ்ரீபெரும்புதூர், பிறகு காஞ்சிபுரம், அதையும் தாண்டிப் பாலுச்செட்டிசத்திரத்துக்கு அருகே திருப்புட்குழி. விஜயராகவப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திவ்யதேசம். ஜடாயுவுக்கு ராமபிரான் ஈமக்கடன் செய்த இடம் என்று தலவரலாறு சொல்கிறது. முதிர்ந்த வயதில், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியம் என்று பறந்து போகாமல், கண் முன்னே நடந்த அநீதியைத் தடுக்கப் பாய்ந்த பெரியவர் ஜடாயு. அவரால் ராவணனைத் தடுக்க முடியவில்லை. ஆனால் ராமன் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார். நம் வயதுக்காரர்கள் திருப்புட்குழிக்குப் போனால் அவரை நினைத்து ஒரு நிமிடம் கூடுதலாக நிற்கலாம்.

அந்தத் திருப்புட்குழியில்தான் யாதவப்பிரகாசர் என்ற பெரிய வித்துவான் பாடசாலை நடத்தினார். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இளையாழ்வார், அதாவது பிற்காலத்து ராமானுஜர், அங்கே மாணவராகச் சேர்ந்தார். அவருடைய சிற்றன்னையின் மகன், மதுரமங்கலத்துக் கோவிந்தனும் உடன் படித்தான். ஒரு நாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, பகவானின் திருக்கண்களைக் குறித்த சாந்தோக்ய உபநிடத வாக்கியத்துக்கு ஆசிரியர் தகாத ஓர் உவமையால் பொருள் சொன்னார். கேட்ட ராமானுஜரின் கண்ணீர் ஆசிரியரின் தொடையில் சூடாக விழுந்தது. ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, கதிரவனால் மலர்ந்த தாமரை போன்ற கண்கள் என்றல்லவா அதற்குப் பொருள் என்று பணிவாகச் சொன்னார். மாணவன் ஆசிரியரைத் திருத்துவது அன்றும் இன்றும் ஆபத்தான காரியம். இப்படிச் சில தடவை நடந்ததும் ஆசிரியருக்குப் பகை முற்றியது. காசி யாத்திரை என்று அழைத்துப் போய்க் கங்கையில் தள்ளிவிடலாம் என்று தமக்கு வேண்டிய மாணவர்களோடு சேர்ந்து திட்டமிட்டார்.

ஆசிரியரும் வகுப்பும் ஒரு பக்கம். ராமானுஜர் ஒருவர் மறுபக்கம். அவருக்கோ நடப்பது எதுவுமே தெரியாது. கோவிந்தனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் என்ன செய்திருக்கலாம்? யாதவப்பிரகாசரை எதிர்த்துச் சண்டையிட்டிருக்கலாம், இருவரும் மாண்டிருப்பார்கள். எனக்கென்ன என்று இருந்திருக்கலாம். வைணவம் வேறு மாதிரி ஆகியிருக்கும். விந்தியக் காட்டில் மற்றவர்கள் முன்னே போய்க்கொண்டிருந்தபோது ராமானுஜரைத் தனியே சந்தித்து, நடக்கப்போவதைச் சொன்னான். ‘போய்விடு’ என்றான். சொல்லிவிட்டு, அதே கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டான். ராமானுஜரைக் காணோம் என்று தேடியவர்கள், விலங்குக்கு இரையாகியிருப்பான் என்று உள்ளுக்குள் மகிழ்ந்தார்களாம். அந்த மகிழ்ச்சிக்கு நடுவே முகத்தில் ஒன்றும் காட்டாமல் கோவிந்தன் நடந்துகொண்டிருந்ததை நினைத்துப் பாருங்கள். காட்டில் திசை தெரியாமல் நின்ற ராமானுஜருக்குப் பெருமாளும் தாயாரும் வேடுவத் தம்பதியாக வந்து வழிகாட்டியதையும், மறுநாள் காலை சாலைக் கிணற்றருகே தம்மைக் காஞ்சியில் கண்டதையும் எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்த வேடுவர் வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளை வாய் திறந்தான். அந்தப் பிள்ளைதான் பிற்காலத்து எம்பார்.

பிரகாரத்தில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு என் பேரன் கேட்ட கேள்வி இது: ‘தாத்தா, கோவிந்தனுக்குப் பயமாக இருந்திருக்காதா?’ இருந்திருக்கும் என்றேன். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நான் பள்ளிக்குப் போனேன். எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளிலும் அதே பதில்தான் கிடைக்கும். ‘பிள்ளைகள் விளையாட்டு சார், நாலு நாளில் சரியாகிவிடும்’ என்றார்கள் அலுவலகத்தில். விளையாட்டு என்றால் இரு பக்கத்தாரும் சிரிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன், தேதியிட்டு, நகலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். உத்தியோகத்தில் இருந்த காலத்துப் பழக்கம். எத்தனை வயதானாலும் விடுவதில்லை.

அந்த வாரக் கடைசியில் நடந்ததை எனக்குச் சொன்னவர் வேன் ஓட்டுநர். என் பேரன் சொல்லவில்லை. அந்த வாரம் புதிதாக ஒரு சிறுவன் வேனில் ஏறியிருக்கிறான். மூன்றாம் வகுப்பு. இங்கே கட்டட வேலைக்காக வடக்கேயிருந்து வந்த குடும்பம், தமிழ் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்குப் புதுப் பொழுதுபோக்கு கிடைத்துவிட்டது. தமிழில் ஏதேதோ தகாத வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்து, அதை உரக்கச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை அர்த்தம் தெரியாமல் சொல்ல, வேன் முழுவதும் சிரிப்பு. இரண்டாம் நாள் அவனுடைய டப்பாவில் கை வைத்தபோது அவன் அழுதிருக்கிறான்.

‘ஐயா, அப்போ உங்க பேரன் எழுந்து நின்னான்’ என்றார் ஓட்டுநர். ‘அவனை விடுங்க, அவன் சின்னப் பையன், நான் நாளைக்கு மிஸ் கிட்ட சொல்லப்போறேன்னு சொன்னான். அதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் குமணன்சாவடி சிக்னலைத் தாண்டிட்டேன். அவ்வளவு நேரம் ஆச்சு. நடுவுல அந்தப் பசங்க அவன மாதிரியே திக்கிக் காட்டினாங்க. இவன் நிறுத்தல. முதல்ல இருந்து மறுபடி ஆரம்பிச்சு, முழுசாச் சொல்லிட்டுத்தான் உட்கார்ந்தான். அப்புறம் வேன்ல ஒரு சத்தம் இல்லீங்க.’

தனக்காக இரண்டு மாதம் வாய் திறக்காத பிள்ளை, தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாமல் நின்ற அதே இடத்தில், இன்னொரு குழந்தைக்காக அவ்வளவு நீண்ட வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறான். சொன்னபடி மறுநாள் வகுப்பாசிரியையிடம் போய்ச் சொல்லவும் செய்தான். அந்தச் சிறுவனின் கையைப் பிடித்துக் கூடவே அழைத்துப் போயிருக்கிறான்.

எனக்குப் பெருமையாக இருந்தது என்று எழுதினால் அது பாதி உண்மை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்குநேரி நினைவுக்கு வந்துவிட்டது.

நம்மில் பலர் நவதிருப்பதி யாத்திரையோடு சேர்த்து நாங்குநேரியையும் சேவித்திருப்போம். வானமாமலை என்னும் தோத்தாத்ரி. பெருமாளுக்கு நித்தியம் எண்ணெய்க் காப்பு நடக்கும் திவ்யதேசம். அந்த எண்ணெய்க் கிணற்றிலிருந்து துளி பிரசாதம் பெற்று வந்து வீட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. அந்த ஊரில் 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, பிளஸ் டூ படிக்கும் ஒரு மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிப் பிள்ளைகள், உடன் படித்தவர்கள். பட்டியல் சாதியைச் சேர்ந்த அந்த மாணவனைப் பள்ளியில் சில காலமாகவே சாதியைச் சொல்லித் துன்புறுத்தி வந்திருக்கிறார்கள். பொறுக்க முடியாமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் விசாரித்தபோது, நடப்பதைச் சொன்னான். சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அந்த இரவு. தடுக்கப் பாய்ந்த அவனுடைய தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவளும் பள்ளி மாணவிதான்.

அந்தப் பிள்ளை செய்தது என்ன? கோவிந்தன் செய்ததைத்தான். வாய் திறந்தான். குறை அவனிடத்தில் இல்லை. அவன் சொன்ன சொல்லுக்கும் அன்றைய இரவுக்கும் இடையில் இருந்த சில மணி நேரத்தில், பெரியவர்கள் யாரும் அந்தப் பிள்ளையைச் சுற்றி ஓர் அரணாக நிற்கவில்லை. நெடுநாள் சிகிச்சைக்குப் பிறகு, அடுத்த ஆண்டு பிளஸ் டூ தேர்வில் அவன் 600க்கு 469 மதிப்பெண் பெற்றான். அந்தச் செய்தியை நாளிதழில் படித்த அன்று நான் வானமாமலைப் பெருமாளை இருந்த இடத்திலிருந்தே சேவித்தேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களைக் கொண்டு ஒரு நபர் குழுவை அமைத்தது. பள்ளிகளில் சாதிப் பகையை ஒழிப்பதற்கான பரிந்துரைகளை அவர் 2024 ஜூன் மாதத்தில் அளித்தார். மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நெற்றிக்குறியைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டிருந்ததால் நம்மவர்களில் பலருக்கு அந்த அறிக்கை மீதே மனவருத்தம். அந்த வருத்தத்தை நான் அறிவேன். ஆனால் கயிற்றைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு வருத்தம் இல்லை. காப்புக்கயிறு பெருமாள் சந்நிதியில் கட்டுவது; இன்ன நிறம் இன்ன சாதி என்று பிள்ளைகளைப் பிரித்துக் காட்டக் கட்டுவது அன்று. நம்பிகள் உண்ட இடத்தை மெழுகிய அந்தச் சாணம் ஆயிரம் ஆண்டுகளாகியும் நம் தரையில் காயவில்லை என்றே நாங்குநேரி எனக்குச் சொல்லிற்று.

ஆகவே மறுநாள் காலை முதல் வேலையாக மீண்டும் பள்ளிக்குப் போனேன். இந்த முறை தனியே போகவில்லை. மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தான். ஓட்டுநரும் வந்து, தாம் பார்த்ததைச் சொல்லத் தயார் என்றார். அவர் பிழைப்பு அந்தப் பள்ளியை நம்பித்தான் இருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வடக்கத்திச் சிறுவனின் தந்தையை நாங்களே கட்டடம் நடக்கும் இடத்துக்குப் போய் அழைத்து வந்தோம். அவருக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த இந்தியும் சேர்ந்து ஒரு வாக்கியம்கூட ஆகாது. ஆனாலும் தலைமையாசிரியை அறையில் அவர் எங்களோடு நின்றது போதுமானதாக இருந்தது. வேனில் பிள்ளைகளோடு ஓர் உதவியாளர் வருவதற்கு ஏற்பாடாயிற்று. இரண்டு பையன்களின் பெற்றோரும் அழைக்கப்பட்டார்கள். பையன்களைப் பள்ளியை விட்டு நீக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. நீக்கினால் அவர்கள் வேறொரு வேனில் ஏறுவார்கள்.

பள்ளி காது கொடுக்கவில்லை என்றால் என்ன செய்வது என்று கேட்கும் அன்பர்கள் இரண்டு எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளலாம். 1098, குழந்தைகளுக்கான உதவி எண். எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை, பிள்ளைகளே கூடப் பேசலாம். 14417, நம் மாநிலப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் இவற்றை எழுதி மாட்டியிருக்கிறேன். ராகுகாலம் பார்க்க எப்படியும் தினம் அங்கே கண் போகும்.

இனிச் சொல்லப்போவது வேறு பக்கத்துக் கதை. இதை எழுதலாமா என்று சற்று யோசித்தேன்.

புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் சந்நிதியில் நீண்ட வரிசை. எனக்குப் பின்னால் நின்ற ஓர் அம்மாளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். துளசி மாலை கட்டிக்கொண்டு வருபவர், பெயர் தெரியாது, பார்த்தால் தலையசைப்போம். அன்று அவர் வரிசையிலேயே மெல்லச் சொன்னார்: ‘ஐயா, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் எங்க பேரன்தான்.’

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் மேலும் சொன்னார். பள்ளியிலிருந்து கூப்பிட்டபோது அவருடைய மகன், என் பையன் அப்படிச் செய்யமாட்டான் என்று சண்டையிட்டுவிட்டு வந்தாராம். வீட்டுக்கு வந்து பையனை பெல்ட்டால் அடித்தாராம். ‘அவன் அங்க கத்துக்கிட்டான்னு நினைச்சேன். இங்கதான் கத்துக்கிட்டிருக்கான்’ என்றார் அந்த அம்மாள். துளசி மாலை அவர் கையிலேயே வாடிக்கொண்டிருந்தது. வரிசை நகர்ந்தது.

இந்தச் சொற்களைச் சொல்ல ஒரு பாட்டிக்கு எவ்வளவு திடம் வேண்டும்! நம் பிள்ளை அடிபட்டு வந்தால் நாலு பேரிடம் சொல்லி அழுகிறோம். நம் பிள்ளை அடித்துவிட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். எந்தக் கோயில் வரிசையிலும் முதல் வகைத் தாத்தா பாட்டிகள் நிற்கும் அளவுக்கு இரண்டாம் வகையினரும் நிற்கத்தான் வேண்டும். கணக்கு அப்படித்தானே வரும்? அவர்கள் பேசுவதை நான் அதுவரை கேட்டதில்லை.

குருபரம்பரையில் யாதவப்பிரகாசரின் கதை கங்கைக் கரையோடு முடிவதில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. பிற்காலத்தில் அவருடைய வயது முதிர்ந்த தாயார், நீ ராமானுஜரிடம் போய்ச் சேர் என்று மகனுக்குச் சொன்னார். தாம் கொல்ல நினைத்த மாணவனிடமே மாணவனாகப் போவதா என்று அவர் தயங்கினார். காஞ்சியில் திருக்கச்சி நம்பிகளிடம் கேட்டுத் தெளிந்தார் என்றும் சொல்வார்கள். பிறகு ராமானுஜரின் திருவடிகளில் பணிந்து, துறவு பூண்டு, கோவிந்த ஜீயர் என்ற திருநாமம் பெற்றார். காட்டிக் கொடுத்து ராமானுஜரைக் காத்தானே ஒரு பிள்ளை, அவன் பெயரே ஆசிரியருக்கும் வாய்த்ததை என்னென்பது! துறவிகளின் நெறிமுறைகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல் இன்றும் இருக்கிறது. ராமானுஜரும் அவரை ஏற்றுக்கொண்டார். பழைய கணக்கைத் திறக்கவில்லை. மகனின் தவற்றைத் தெரிந்துவைத்திருந்து, தக்க காலத்தில் அதை அவனிடம் சொன்ன அந்தத் தாயாரின் பெயரை உபந்நியாசங்களில் நான் கேட்டதில்லை.

அந்த அம்மாளிடம் இதைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவர் தம் பேரனைக் கோயிலுக்கு அழைத்து வந்தார். அரும்பு மீசை, நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட மிகச் சிறிய பையன். என் பேரனும் இருந்தான். மன்னிப்புக் கேட்டானா என்றால், அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். ஏதோ சொல்ல முயன்று இரண்டு முறை நிறுத்திவிட்டான். என் பேரன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் காத்திருந்தான். கடைசியில் அந்தப் பையன் சொன்னது, ‘நாளைக்கு வேனில் வருவாயா?’ என்பது மட்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்று என் பேரன் நினைவூட்டினான்.

இன்னொரு பையன் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அவன் இப்போதும் வேனில் யாரோடும் பேசுவதில்லை என்று ஓட்டுநர் சொல்கிறார். அவனைப் பற்றித்தான் இப்போது எனக்குக் கவலை. வடக்கத்திச் சிறுவன் வேகமாகத் தமிழ் பேசக் கற்றுக்கொண்டுவிட்டான். முதலில் கற்ற சொற்களை மறந்துவிட்டான் என்று நம்புகிறோம். என் பேரனுக்குத் திக்கல் அப்படியேதான் இருக்கிறது. ‘ப’ இன்னும் சிக்குகிறது. மார்கழி பிறந்ததும் திருப்பாவை மறுபடி தொடங்கிவிட்டது. ஐந்தாம் பாசுரத்தில் ஒரு வரியை விட்டுவிடுகிறான். அது திக்கலால் இல்லை, போன வருஷமும் அந்த வரியை விடத்தான் செய்தான்.